திங்கட்கிழமை இளைப்பு

அனைவருக்கும் வணக்கம். மருத்துவத்தையும் நம் சமுதாயத்தையும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சென்னிமலைப் பக்கம் இருபத்தாறு வருடமாக வைத்தியம் பார்க்கிறவன் நான். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐம்பது வயதை ஒட்டியவர். இளைப்பு என்று வந்தார். ஆஸ்துமா என்று முடிவு கட்டி இன்ஹேலர் எழுதினேன். ஏழெட்டு மாதம் வந்து போனார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்லீங்க" என்பார். நம் ஊரில் இந்தப் 'பரவாயில்லீங்க'வை டாக்டர் நம்பவே கூடாது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாதென்று தன் வலியை மறைக்கிற மரியாதை அது.

ஒருநாள் அவர் மனைவி கூட வந்திருந்தார். "ஞாயித்துக்கெழமை நல்லாத்தானுங்க இருக்கறாரு. திங்கக்கெழமை மில்லுக்குப் போய்ட்டு வந்தா, நெஞ்சு மேல அம்மிக்கல்ல வெச்சாப்புல இருக்குதுங்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டில் 'கூலி' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நூல் மில்லில் பஞ்சை உதறிச் சுத்தம் செய்கிற புளோரூம், சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் வேலை. அவர் காதுக்குப் பின்னால் முடியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். நரை என்று நினைத்தேன். அது பஞ்சு.

நோயின் பெயர் பிசினோசிஸ். பஞ்சோடு வரும் இலைத்தூளும், அதில் இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சும் மூச்சுக்குழாயை இறுக்கும். முதலில் விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற திங்கட்கிழமை மட்டும் வரும். அப்புறம் செவ்வாய், புதன். பல வருடம் போனால் ஞாயிறும் மிஞ்சாது. எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் இல்லை. கேட்டால்தான் தெரியும்.

"இத ஏனுங்க முன்னயே சொல்லல?" என்றேன். "அந்த மில்லுச் சோத்துலதானுங்க ரெண்டு புள்ளைங்களப் படிக்க வெச்சேன். அதப் போயி எப்படிங்க குத்தஞ் சொல்றது?" என்றார்.

'என்ன தொழில் செய்கிறாய்' என்று நோயாளியைக் கேளுங்கள் என 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ரமசினி எழுதிவிட்டார். கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-ல். 1930-களில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. இத்தனை தலைமுறையாகப் பஞ்சை நம்பி வாழும் மண்ணில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த நோயைக் கண்ட மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. ஆனால் பேனாவை எடுத்தால், "வேலை போயிருமுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கையை உதறவும் முடியாது, எழுதாமல் விடவும் முடியாது. அவர்கள் பக்கத்தில் நாம் எல்லோரும் நின்றால்தான் அந்தப் பயம் போகும்.

அவர் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டார். சம்பளம் குறைவு. வருடா வருடம் தைப்பூசத்துக்குச் சென்னிமலையின் 1320 படியும் ஏறுகிறவர், போன வருடம் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். "எப்படிங்க இருக்கறீங்க?" என்றேன். "பரவாயில்லீங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, மலைக்கு எப்படிப் போனீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"முப்பது படி ஏறுனனுங்க. அப்புறம் முடியலீங்க. கீழ வந்து பஸ்ஸுலதான் போனனுங்க."