தொழுத கூடத்தில் நூல்கள்: பாயா நகர நூலகத்தின் கதை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நூலக அன்பர்களே,

ஹங்கேரியின் தெற்கில், தன்யூப் ஆற்றங்கரையில், பாயா என்றொரு நகரம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஆட்டுக்கால் நினைவுக்கு வந்திருக்கும்; அந்த ஊர் பேர்பெற்றது மீன் சாற்றுக்குத்தான். அங்குள்ள நகர நூலகத்தைப் பற்றியே இன்று பேச வந்தேன். அது 1845 ஆம் ஆண்டில் யூதர்களின் ஜெப ஆலயமாகத் திறக்கப்பட்ட கட்டடம்.

1840 இல் பாயாவைப் பெருந்தீ ஒன்று அழித்தது. அதன் பின்னர் எழுந்த இந்த ஆலயம், கிரேக்கக் கோயிலைப் போல முகப்பில் தூண்களும் அவற்றின்மேல் முக்கோண முகடும் கொண்டது. பைபிளில் கனவு கலைந்து எழுந்த யாக்கோபு என்னும் யூதர்களின் முன்னோர், தான் உறங்கிய இடம் கடவுளின் வீடு என்றும் வானத்தின் வாசல் என்றும் அஞ்சிச் சொன்ன சொற்கள் அம்முகட்டில் எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

அடுத்த நூறாண்டுகளை நான் விரைந்து கடக்கிறேன். 1944 ஐ அப்படிக் கடக்க இயலவில்லை. அவ்வாண்டு மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியக் காவற்படையினரின் கைகளாலேயே ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் என்னும் நாஜிக் கொலைமுகாம். பாயாவின் யூதர்களும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். கட்டடம் நின்றது, அதை நிரப்பத் தொழுவோர் இல்லை.

ஆளில்லாத ஆலயங்களுக்கு ஐரோப்பாவில் என்னென்னவோ நேர்ந்தது. போலந்தின் போஸ்னான் நகரில் 1907 இல் திறந்த ஆலயத்தை நாஜிகள் 1940 இல் நீச்சல் குளமாக்கினர். போர் முடிந்தும் 2011 வரை மக்கள் அதில் நீந்திக்கொண்டுதான் இருந்தார்கள். பாயாவுக்கு அந்த இழிவு வரவில்லை. சீரமைக்கப்பட்ட கட்டடத்திற்குள் 1985 இல் நகர நூலகம் குடிவந்தது. நவீன ஹங்கேரியக் கவிதையின் பெருங்கவிஞர் எந்த்ரே ஆதியின் பெயரை அது தாங்கியுள்ளது.

இந்த மாற்றத்தை யூத மரபு எப்படிப் பார்க்கும்? யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தால்முத் என்னும் பழைய நூலில் இதைப் பற்றியே ஒரு விவாதம் உண்டு. தொழும் கூடத்தைக் கல்விக்கூடமாக மாற்றலாம் என்பது யோசுவா பென் லேவி என்னும் அறிஞரின் கருத்து. கல்வியைத் தொழுகைக்கு ஒரு படி மேலே வைத்த கருத்து அது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர் எண்ணிய கல்வி, யூதர்களின் புனித நூலான தோராவைக் கற்கும் கல்வி. அதைக் கற்க அச்சமூகமே வந்து அமரும் என்று எண்ணியே அவர் சொன்னார். ஆகவே அந்த விதியைக் காட்டி, நடந்தது சரியே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருப்பினும் பாயாவின் நூலகத்தார் செய்த ஒன்றை நான் மதிக்கிறேன். அவர்கள் தடத்தை அழிக்கவில்லை. தோராச் சுருள்கள் இருந்த பேழை மாடம் தன் அலங்காரத்துடன் அதே சுவரில் நிற்கிறது. முகப்பின் எபிரேய வரியும் அப்படியே இருக்கிறது; புத்தகம் எடுக்க வருபவர்கள் அதன் கீழேதான் நுழைகிறார்கள்.