எவர்சில்வர் டம்ளரில் தெரிந்த மூக்கு
(கல்லூரி மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

'அழகு அறுவை சிகிச்சை என்னும் போதை' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்புக்குள் போவதற்கு முன், மனநல மருத்துவம் பார்க்கும் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது இருபத்தாறு. முகக்கவசத்தோடு உள்ளே வந்தார். நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாதபடி உட்கார்ந்துகொண்டார். பேசியதெல்லாம் அம்மாதான். வீட்டுக் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டியாயிற்று. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் அதில் மூக்கு அகலமாகத் தெரிகிறது என்று தள்ளிவிடுகிறார். "பாத்திரத்தை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன் டாக்டர். பிளாஸ்டிக் டம்ளரில்தான் காப்பி கொடுக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

அதற்குள் மூன்று அறுவை சிகிச்சைகள் முடிந்திருந்தன. முதலாவது, மூக்குத் தண்டின் மேட்டைக் குறைக்க. இரண்டு மாதம் நிம்மதியாக இருந்ததாக அவரே சொன்னார். பிறகு நுனி பெரிதாகத் தெரிந்தது, இரண்டாவது. அது கோணிவிட்டது என்று மூன்றாவது. கைப்பேசியை நீட்டினார். மூக்கை மட்டும் எடுத்த படங்கள், தேதிவாரியாக, நான்காயிரத்துக்கும் மேல். "இதோ, இந்த இடம்" என்று ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் விரல் நடுங்கியது. அவர் நடிக்கவில்லை.

இது செல்போன் காலத்து நோய் என்று நினைத்துவிடாதீர்கள். என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மனநல மருத்துவர் 1891இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இன்று 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்கிறோம். பிறர் கண்ணுக்குப் படாத, பட்டாலும் பொருட்டாகத் தோன்றாத ஒரு குறை, தன்னை அருவருப்பானவனாக ஆக்கிவிட்டது என்ற எண்ணம் நாள் முழுவதும் மனதை அரித்துக்கொண்டே இருப்பதுதான் இந்த நோய். தலைப்பில் உள்ள 'போதை' என்ற சொல் மருத்துவ நூல்களில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013 முதல் இதை, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழல் நோய்களின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. ஆனால் மக்கள் போதை என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. செய்துகொண்டதும் ஆறுதல், அது கரைந்ததும் தவிப்பு, தவிப்புக்கு இன்னொரு கத்தி. கத்தி மூக்குக்குப் போகிறது; நோவு இருக்கும் இடம் மூக்கல்லவே.

பொதுமக்களில் ஏறக்குறைய ஐம்பதில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அழகு சிகிச்சைக்கு வருவோரிடையே பத்தில் ஒருவருக்கும் மேல். பெண்களின் நோய் என்ற நினைப்பும் தவறு. ஆண்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவில் வருகிறது.

இவர்கள் கண்ணில் என்னதான் படுகிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜேமி ஃபியூஸ்னர் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். முகத்தைப் பார்க்கும்போது நாம் முழு முகத்தையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறோம். இந்த நோயாளிகளின் மூளையோ, மங்கலாக்கப்பட்ட முகத்தில்கூட நுணுக்கம் தேடி உழைத்தது. வாசலில் நூறு புள்ளிக் கோலம் கிடக்க, ஒரு புள்ளி சற்று விலகியதையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கோலம் எப்படித் தெரியும்?

அந்தக் கண்ணுக்கு முன்னால் கைப்பேசியை வைத்துவிட்டோம். முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் மற்றவர்களும் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேமரா அருகில் இருப்பதால் வரும் திரிபு அது, அவ்வளவுதான். என்னிடம் வந்த இளைஞர் முதல் அறுவைக்கு முடிவெடுத்தது அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான்.

ஃபிஜி தீவுக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். அங்கே நன்றாகச் சாப்பிட்டு வாட்டசாட்டமாக இருப்பதுதான் அழகு. யாராவது மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்படுவார்கள், நம் பாட்டிமார் "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்று கேட்பதைப் போல. அங்குள்ள நந்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர், அது வந்த சில வாரங்களிலும், பிறகு 1998இலும் பள்ளி மாணவிகளிடம் கேள்விகள் கேட்டார். எடை குறைய வேண்டும் என்று தாமே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவருமில்லை. மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினோரு பேர். உடலைப் பற்றி மனதுக்குள் இருக்கும் படம் எவ்வளவு எளிதில் கலைந்துவிடுகிறது பாருங்கள்.

நமக்குத் தொலைக்காட்சிகூட வேண்டியதில்லை. கல்யாண மண்டபம் போதும். "என்ன இப்படிக் கறுத்துவிட்டாய்?", "பல்லுக்குக் கம்பி போட்டிருக்கலாமே", "முடி கொட்டினால் யார் பெண் கொடுப்பார்கள்?" இதையெல்லாம் பாசம் என்று நினைத்தே பேசுகிறோம். அந்த இளைஞருக்குப் பதினொரு வயதில் சித்தப்பா வைத்த பெயர் 'கிளிமூக்கு'. பிள்ளையைக் கொஞ்சத்தான் வைத்திருப்பார். நோய்க்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிறவிக் கூறு, மூளையின் இயல்பு என்று பலவும் சேர்ந்துதான் நோய் வருகிறது. ஆனாலும் பதினைந்து ஆண்டு கழித்து என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஆறவில்லை.

அறுவை செய்துகொள்கிறவர் எல்லாரும் நோயாளி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முறை செய்துகொண்டு நிறைவோடு வாழ்பவர்கள் ஏராளம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர்கள் செய்யும் பணியைப் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த போரில் மூக்கு அறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, பூனா பக்கத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்து கொடுத்ததை 1794இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு அச்சிட்டது. இழந்ததைத் திருப்பித் தரும் கலை அது. இழக்காததை எத்தனை முறை வெட்டித் தர முடியும்?

மூன்றாவது அறுவை செய்தவர் அந்த இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதையே நினைக்கிறீர்கள்?" ஆறு மணி நேரம் என்று பதில் வந்திருக்கும். இப்படிக் கேட்டு, கத்தியை வைத்துவிட்டு எங்களிடம் அனுப்பும் நல்ல அறுவை மருத்துவர்களையும் நான் அறிவேன். இந்த நோய் உள்ளவர்களுக்கு அறுவையால் பெரும்பாலும் நோய் குறைவதில்லை. கவலை அதே இடத்தில் தங்கும், இல்லாவிட்டால் மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கும்.

"நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்வதும் உதவாது. அவருடைய அம்மா ஒரு நாளில் நாற்பது முறை சொன்னார். நாற்பத்தொன்றாம் முறையும் கேள்வி வந்தது. உதவுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: கண்ணாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது, முகக்கவசம் இல்லாமல் தெருமுனைக் கடை வரை போய் வருவது, அந்தப் பதற்றம் தானாக வடியும் வரை அங்கேயே நிற்பது. கூடவே ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மாத்திரைகள். பலன் தெரியப் பன்னிரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். இந்த நோயில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது அதிகம். உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அப்படித் தோன்றினால் இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த இளைஞர் இப்போது வேலைக்குப் போகிறார். கைப்பேசிப் படங்களை என் அறையில் உட்கார்ந்தே அழித்தார். முழுவதையும் அழிக்க மூன்று வருகைகள் ஆயின. பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. ஆனால் மூன்று அறுவைகளால் மூக்கின் உட்புறம் சுருங்கி, இரவில் மூச்சு அடைக்கிறது. சென்ற மாதம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருந்தார். உள்ளே சரிசெய்யும்போது வெளிவடிவத்தையும் கொஞ்சம் திருத்தலாமா என்று அந்த மருத்துவர் கேட்டாராம். மூச்சு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இளைஞர்.