மெதுவா, மெள்ள, நோகாம

நேயர்களுக்கு வணக்கம்.

"மெதுவா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! பஸ்ஸில் இறங்கும் பாட்டியிடம் "மெதுவா இறங்குங்க". தூளியில் பிள்ளை தூங்கினால் "மெதுவாப் பேசு". இட்லியைப் பிட்டு "நல்லா மெதுவா இருக்கு". முதலாவது வேகம், அடுத்தது சத்தம், மூன்றாவது பதம். ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது, பார்க்கட்டும். அது ஒன்றே போதும் என்று மற்ற சொற்களைக் கைவிட்டால் எங்கே இடிக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

குறுவை நெல்லின் நாற்றங்காலுக்கு வாருங்கள். நாற்றுக்கு 20, 25 நாள் வயது. வேலைக்குப் புதிதாக வந்த பையனிடம் "மெதுவாப் பறிடா தம்பி" என்கிறோம். அவனும் நிதானமாகத்தான் பறிப்பான். நுனிப்பக்கம் ஒரு கொத்தாகச் சேர்த்துப் பிடித்து, நேர் மேலே, நிதானமாக இழுப்பான். பாதி வேர் சேற்றிலேயே நின்றுவிடும். பையன் மேல் தப்பில்லை. நாம் சொன்னது வேகத்தை. வேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழகின பெண்கள் "நோகாமப் பறி" என்பார்கள். நாற்றுக்கு வலிக்கக் கூடாது என்று சொன்னவுடன் கை வேறு மாதிரி போகிறது பாருங்கள். முதல் நாளே தண்ணீர் கட்டிச் சேற்றை இளக வைத்திருக்க வேண்டும். நாலைந்து நாற்றை அடித்தூரை ஒட்டிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தன் பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். வேரில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரிலே அலச வேண்டும். காலில் அடித்து உதறுகிறார்களே, அதில் தண்டு நசுங்கும், வேர் அறும். வேர் அறுந்த நாற்று பச்சை பிடிக்க நாளாகும், அதுவரை மஞ்சளாக நிற்கும். மூன்றரை, நாலு மாதத்துக்குள் முடிகிற பயிருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

நடும்போது சொல் மறுபடி மாறும்: "மேலாப்ல நடு". 2 அல்லது 3 சென்டிமீட்டர், விரலின் ஒரு கணு அளவு. அதற்கு மேல் அழுத்தினால் தூர் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பது, குறையும். "மெதுவா நடு" என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஆழம் அதில் வராது. திரும்பவும் சொல்கிறேன்: "மெதுவா" செய்கிறவரின் வேகத்தைப் பார்க்கும், "நோகாம" நாற்றைப் பார்க்கும்.

சமையல்கட்டிலும் இதே கதைதான். உறை ஊற்றிய பாலை நகர்த்த வேண்டுமென்றால் "அலுங்காம எடு". நிதானமாக எடுத்தும் ஆட்டிவிட்டால் தயிர் உடைந்து நீர் விடும். ஒத்தடத்துக்கு "இதமா". துணியை முதலில் நம் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முழங்காலில் வைக்கிறோம். மாடு வாங்கப் போகிறவர் கேட்பது "சாதுவா?" என்று. முட்டாது, உதைக்காது, சின்னப் பிள்ளை போய்க் கயிற்றைப் பிடிக்கலாம், இத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

தெற்கே நெல்லைச் சீமையில் "பைய வா" என்பார்கள், நம் பக்கம் "மெள்ள வா". பைய என்றால் ஏதோ பட்டிக்காட்டுப் பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். 1094-ஆம் குறளில் காதலி "மெல்ல நகும்". நாலு குறள் தள்ளி, 1098-இல் "பைய நகும்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

எழுத்திலேயே மென்மையைப் பிரித்து வைத்த மொழி இது. ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் மெல்லினம். அவை பக்கத்தில் நிற்கும் வல்லினத்தையும் இளக்கிவிடும். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பக்கம்" என்று சொல்லுங்கள். நடுவில் அதிர்வு நின்று, மறுபடி வரும். இப்போது "பங்கம்". அதிர்வு நிற்கவே இல்லை. எழுதுகிற 'க' ஒன்றுதான், முன்னால் 'ங்' வந்து நின்றதும் அதன் முரட்டுத்தனம் போய்விட்டது. இன்னொன்று: "வன்மை" என்ற சொல்லுக்குள் ஒரு வல்லின எழுத்துகூட இல்லை! எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

ஒரு கவலையும் உண்டு. "மெத்து" என்றால் மிருது. அதன் உறவான "மெத்தனம்" இன்றைக்கு அசட்டைக்குப் பெயர். "இளகின இரும்பைக் கண்டா கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்" என்று பழமொழி வேறு. அடக்கமான நடத்தையைச் சொல்லும் "பதவிசு" என்ற அழகான சொல்லைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். "பதவிசான பையன்" என்று சொல்லிப் பாருங்கள், சொல்லுக்கு ஒரு குறையும் வராது.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. "ஈரம்" பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஈரமுள்ள மனசு, தண்ணளி, குளிரப் பேசுவது என்று அன்புக்கு நாம் வைத்த சொற்களில் பாதி தண்ணீரிலிருந்து வந்தவை. "இன்சொலால் ஈரம் அளைஇ" என்கிறது 91-ஆம் குறள். அளைதல் என்றால் கலத்தல். தயிரைச் சோற்றில் விட்டு விரலால் அளைகிறோமே, அதே அளைதல்தான்.

வணக்கம்.