ஐந்து நாளும் ஓர் எருக்கஞ்செடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு மே மாதமும் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறோம். ஐந்து நாள், இருபது பிள்ளைகள். பெரும்பாலும் சென்னை அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறவர்கள். ஆரம்பத்தில் அவர்களைக் கரையோரமாக நடத்திக்கொண்டே, "இது தும்பை, இது குப்பைமேனி, இது நாயுருவி" என்று சொல்லிக்கொண்டு போவேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் கேட்டால் ஒரு பெயரும் நினைவிருக்காது.

அதனால் இப்போது முதலில் ஒரே ஒரு செடிதான். எருக்கு. நான்கு பேருக்கு ஒரு செடி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறோம்.

எருக்கு எந்தத் தரிசிலும் கிடைக்கும். ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது. ஆனால் உட்காரும் முன்பே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: இலையை ஒடிக்கக் கூடாது, பால் கையில் பட்டால் கண்ணைத் தொடக் கூடாது. ஒரு வருஷம் ஒரு பையன் மொட்டைக் கிள்ளிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பல சமயம் பெரிதாக வலிக்காது. பார்வைதான் மங்கும். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. நல்ல தண்ணீரால் வெகுநேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் ஓடினோம். பார்வை தெளியச் சில நாள் ஆனது. அந்தச் சில நாளும் எனக்குத் தூக்கமில்லை.

சரி, உட்கார்ந்தால் என்ன தெரியும்? முதல் நாள் எறும்பும், பூவுக்கு வரும் கன்னங்கரிய பெரிய வண்டும் தெரியும். இரண்டாம் நாள் யாராவது ஒரு பிள்ளை குனிந்து இலையின் அடியைப் பார்க்கும். அங்கே குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளை முட்டை இருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வைத்துவிட்டுப் போனது. பக்கத்து இலையிலேயே அதன் புழு இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று உடம்பெல்லாம் வரி; முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், முதலில் அது இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுவது தெரியும். வடிந்த பிறகுதான் நரம்புக்கு அந்தப் பக்கம் உள்ளதைத் தின்ன ஆரம்பிக்கும். அந்தப் பாலின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். இதையெல்லாம் நான் பாடமாக எடுப்பதில்லை. "அது ஏன் அங்கே கடிக்குது?" என்று பிள்ளைகளே கேட்கும்வரை காத்திருப்பேன்.

அப்புறம்தான் மற்ற செடிகள். குன்றிமணியைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. செந்தட்டி பட்டால் அரிப்புத் தாங்காது. காய்ந்த வெடிக்காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடித்து விதை சிதறும். அந்த விளையாட்டுக்கு மட்டும் தடையே இல்லை.

போன வருஷம் வந்த ஒரு பெண், முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அம்மாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் குடியிருப்பின் மதிலோரம் எருக்கு இருந்ததாம். அதை வெட்ட வந்த காவலாளியிடம், "அண்ணா, இதுல கூடு தொங்குது. பூச்சி பறந்ததும் வெட்டிக்கோங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டாளாம். "இன்னும் எத்தனை நாள் ஆகும் அக்கா?" என்று கேட்டாள். "ஒரு வாரம், பத்து நாள் ஆகும்மா" என்றேன். எட்டாம் நாள் காலையில் மறுபடியும் போன் வந்தது.