பத்து ரூபாய் குத்துவிளக்கு

நேயர்களுக்கு வணக்கம். இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பல வருடங்களுக்கு முன் ஒரு பாத்திரக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் செய்து கொடுத்தேன். ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, 1,850 ரூபாய் குத்துவிளக்கு 10 ரூபாய்க்குப் போயிருக்கு. தள்ளுபடி ஏதும் போட்டியா?"

நான் போடவில்லை. வாங்கியவரே போட்டுக்கொண்டார்! பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் விலையை எழுதி வைத்திருந்தேன். அவர் கம்ப்யூட்டரில், பக்கத்தின் உள்விவரங்களைத் திறந்து காட்டும் எஃப்12 விசையை அழுத்தி, 1850-ஐ அழித்து 10 என்று மாற்றி, ஆர்டர் பொத்தானைத் தட்டிவிட்டார். தளத்தை நடத்தும் கம்ப்யூட்டரான என் சர்வரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

ஒரு தளத்தின் நிரல் இரண்டு இடங்களில் ஓடுகிறது. ஒன்று, உங்கள் போனில் உள்ள பிரவுசர். இன்னொன்று, எங்கோ இருக்கும் சர்வர். மொபைல் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் அடித்திருந்தால் உடனே சிவப்பு எழுத்து வருகிறதல்லவா? அது பெரும்பாலும் பிரவுசரில் நடக்கும் வேலை. சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, அதனால் அந்த வேகம். ஆனால் அந்த நிரல் உங்கள் கைக்கு வந்துவிட்ட பொருள். படிக்கலாம், திருத்தலாம், நிறுத்தியே வைக்கலாம். சர்வரில் ஓடும் நிரலோ உங்கள் கண்ணில் படாது. அதன் விடை மட்டும்தான் வரும்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் பேர்போன மொழிகள் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அடுத்த மாதம் ராஸ்மஸ் லெர்டார்ஃப், சர்வரில் ஓடும் பிஎச்பி-யை வெளியிட்டார். தன் பயோடேட்டா பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க அவர் செய்துகொண்ட கருவி அது. அப்புறம் 2009-இல் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் வந்தபின், ஜாவாஸ்கிரிப்டும் சர்வரில் பரவலாக ஓட ஆரம்பித்தது. ஆகவே எந்த மொழி என்பதல்ல, எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "ஒரே சோதனையை பிரவுசரிலயும் சர்வரிலயும் ஏன் சார் ரெண்டு தடவை எழுதணும்?" என்று அலுத்துக்கொள்வார்கள். குத்துவிளக்குக் கதையைச் சொல்வேன்.

சரி, என்ன செய்தேன்? பொருளின் எண்ணும் எத்தனை வேண்டும் என்பதும் மட்டும் பிரவுசரிலிருந்து வரட்டும், விலையைச் சர்வரே தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த மாதம் ஒருவர், எத்தனை வேண்டும் என்ற கட்டத்தில் மைனஸ் 1 என்று போட்டிருந்தார்.