பாடியவர் பெயர் எங்கே?

அவைத்தலைவர் அவர்களே, இந்த இசைச் சங்கத்தை நெடுங்காலமாகத் தோளில் சுமந்துவரும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பாடி நம் செவிகளை நிறைத்த இளம் பாடகியே, பக்கவாத்தியக் கலைஞர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓவிய ஆசிரியப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய பேராசிரியர் அன்பு மிகுதியால் என்னைப் பற்றி நிறையவே சொல்லிவிட்டார். பொன்னாடை போர்த்திய புரவலர் அவர்களுக்கும் நன்றி. ஆனால், கச்சேரி முழுவதும் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டிய பெண்ணின் பெயர் அழைப்பிதழில் இல்லை, மேடையிலும் சொல்லப்படவில்லை. நன்றியுரையிலாவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் அவர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

கலையில் ‘இது யாருடையது’ என்ற கேள்வியை மூன்று பக்கமிருந்து பார்க்க நினைத்து வந்தேன். ஒருவர் வரைந்ததை இன்னொரு மேதையின் பெயரில் விற்கும் போலி. ஒருவர் உழைக்க மற்றவர் பெயர் வாங்கும் நிழல் எழுத்து. இப்போது புதிதாக வந்திருக்கும் இயந்திரக் குரல். இவற்றில் என் நெஞ்சை அறுப்பது நடுவில் இருப்பது.

‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். நெய் யாருடையதோ, அள்ளி ஊற்றிப் பெருமை தேடிக்கொள்கிறவர் வேறொருவர். இந்தப் பழமொழிக்கு அப்படியே உருவம் கொடுத்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1960-களின் அமெரிக்கா. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட பெரிய கண்களோடு, ஏக்கமாக நிற்கும் குழந்தைகளின் ஓவியங்கள் அங்கே வீட்டுக்கு வீடு தொங்கின. அசலை வாங்க வசதி இல்லாதவர்கள் அச்சுப்படத்தை வாங்கி மாட்டினார்கள். வரைந்தவர் வால்ட்டர் கீன் என்று உலகம் நம்பியது. அவரும் தொலைக்காட்சியில் தோன்றினார், பேட்டி கொடுத்தார், பிரமுகர்களோடு கைகுலுக்கினார். உண்மையில் தூரிகை பிடித்தவர் அவருடைய மனைவி மார்கரெட். ஓவியத்தின் மூலையில் ‘கீன்’ என்று மட்டும் கையெழுத்து இருந்தது. குடும்பப் பெயர் இருவருக்கும் ஒன்றுதானே! அந்த ஒற்றைச் சொல் கணவருக்குப் போதுமானதாக இருந்தது. மனைவி வீட்டுக்குள் வரைந்துகொண்டே இருந்தார்.

1965-ல் மணமுறிவு. 1970-ல் மார்கரெட் வானொலியில் உண்மையைச் சொன்னார். வால்ட்டர் மறுத்தார். சான் பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் வரைந்து காட்டுவோம், வாருங்கள் என்று மார்கரெட் அழைத்தார், வால்ட்டர் வரவில்லை. வந்தால் அல்லவா தெரியும்! கடைசியில் மார்கரெட் தொடுத்த அவதூறு வழக்கு 1986-ல் ஹோனலுலு நீதிமன்றத்துக்கு வந்தது. வாய்ச்சண்டையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தாரோ என்னவோ, நீதிபதி இருவரையும் அங்கேயே வரைந்து காட்டச் சொல்லிவிட்டார். நினைத்துப் பாருங்கள்: ஜூரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எதிரே வெற்றுப் பரப்பு, கையில் தூரிகை. வால்ட்டர் தோள்பட்டை வலிக்கிறது என்றார். மார்கரெட் உட்கார்ந்தார். 53 நிமிடங்களில் அந்தப் பெரிய கண்கள் நீதிமன்றத்தையே பார்த்தன. ஓவியத்தைச் சாட்சியப் பொருளாக வரிசை எண் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். 40 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றார்கள் ஜூரிகள். மேல்முறையீட்டில் அந்தத் தொகை அடிபட்டுப் போனது. மார்கரெட் பக்கம் வந்த தீர்ப்பு நின்றது. பணம் போனாலும் பெயர் திரும்பி வந்தது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!’ இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது.

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டவர் ஒருவரும் உண்டு. 1842-ல் விக்டோரியா மகாராணி, தமக்குப் பிடித்த பாட்டு என்று, ஜெர்மானிய இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சோன் தம் பெயரில் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ஒன்றை அவர் முன்னிலையிலேயே பாடினார். அதை இயற்றியவர் மெண்டல்சோனின் அக்கா ஃபான்னி. தம்பி அதை மகாராணியிடமே ஒப்புக்கொண்டார். ஆனாலும், அந்தத் தொகுப்பு அச்சானபோதே அக்கா பெயர் அதில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பிறருக்காக எழுதுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. எழுதத் தெரியாதவரின் வாழ்க்கையை ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் அது தொண்டு. அட்டையில் இரண்டு பெயர்களும் இருக்கட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். பெயர் வைப்பது தற்பெருமை என்று சிலர் சொல்லக்கூடும். பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைத்துப் பாடிய ஞானசம்பந்தரையும், கிருதிதோறும் ‘குருகுஹ’ என்று தம் முத்திரைச் சொல்லைப் பதித்த முத்துசுவாமி தீட்சிதரையும் அவர்கள் என்ன சொல்வார்கள்?

1990-ல் மில்லி வனில்லி என்ற பாப் பாடகர் இணையிடமிருந்து கிராமி இசை விருதைத் திரும்பப் பெற்றார்கள். இசைத்தட்டில் ஒலித்தது அவர்கள் குரலே இல்லை. உலகம் அந்த இரண்டு இளைஞர்களைக் காறித் துப்பியது. சரி, பாடியவர்கள் யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல், சார்லஸ் ஷா. இந்தப் பெயர்களை இந்த மேடையில் நான் உரக்கச் சொல்கிறேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ட்ராக் பாடுகிறவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மெட்டு அமைந்ததும் முதலில் பாடுகிறவர் அவர். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் எங்கே, மூச்சு எங்கே என்று பாட்டுக்கு வழி போடுகிறவரும் அவரே. காதில் ஹெட்போனோடு, வரிகள் எழுதிய தாளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு நிற்பார். பிறகு புகழ்பெற்ற பாடகர் வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். ட்ராக் அழிக்கப்படும். சில நேரம் கோரஸில் அந்தக் குரல் தங்கிவிடும். பெயர் மட்டும் எங்கும் தங்காது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1949-ல் வந்த ‘மஹால்’ இந்திப் படப் பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் ‘காமினி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது கதாபாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. ரசிகன் வாய் திறந்ததால் வந்தது அது.

படைப்பின் பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இது என்னுடையது’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் 1928-லேயே சேர்த்துவிட்டார்கள். ஏட்டில் இருக்கிறது, பாட்டுச் செயலிகளின் திரையில் பல நேரம் இல்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணி அடித்துவிட்டார். போலி ஓவியத்தைத் தொடவே இல்லை. இயந்திரக் குரலுக்கு இன்னொரு மாலை வேண்டும். யாருடைய குரல்களைக் கேட்டு அந்த இயந்திரம் பழகியதோ, அவர்கள் பெயர் எங்கே என்று கேட்டால் அங்கேயும் அதே ஊரார் வீட்டு நெய்தான்.

இந்த அவையில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். இனி இந்தச் சங்கம் அச்சிடும் அழைப்பிதழ், வெளியிடும் ஒலிப்பதிவு, நடத்தும் கண்காட்சி எதுவானாலும் தம்புரா, கோரஸ், ட்ராக், ஒலிப்பதிவாளர், உதவி ஓவியர் உட்பட அத்தனை பேரின் பெயரும் இடம்பெற வேண்டும். பாட்டுச் செயலி நிறுவனங்களுக்கும் இதையே வலியுறுத்தும் விண்ணப்பம் வாசலில் இருக்கிறது. தீர்மானத்தை வழிமொழிகிறவர்கள் கை உயர்த்துங்கள். வெளியே போகும்போது அந்த விண்ணப்பத்தில் உங்கள் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வணக்கம்.