கொரிந்துவில் பவுல் சிலுவையை எப்படிப் பிரசங்கித்தார்?

[காட்சி: பண்டைய கொரிந்துவின் இடிபாடுகள்]

கிறிஸ்தவப் பிரசங்கத்தின் மையம் சிலுவையே என்பதை மறுக்கும் சபை அரிது. ஆயினும் அதை மையமாக வைத்து எப்படிப் பிரசங்கிப்பது என்பதை, அப்போஸ்தலராகிய பவுல் கிரேக்க நகரமான கொரிந்துவின் சபைக்கு எழுதிய முதல் நிருபம் (கடிதம்) அளவுக்குத் தெளிவாகக் கற்றுத்தரும் வேறொரு எழுத்தை நான் அறியேன்.

கி.மு. 146இல் ரோமர் அழித்த கொரிந்துவை, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் நிறுவினார். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். ஒரு நூற்றாண்டுக்குள் வணிகத்தால் செழித்து, நாவன்மைக்கும் சமூக மதிப்புக்கும் ஏங்கிய அந்நகரில்தான், அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனையாகிய சிலுவையில் மாண்டவரே ஆண்டவர் என்று பவுல் அறிவித்தார். முன்னோரின் அடிமைத்தனத்தை மறக்க விரும்பியவர்களின் காதில் அச்செய்தி எவ்வளவு கசந்திருக்கும்!

[காட்சி: ஆணி துளைத்த குதிகால் எலும்பு]

1968இல் எருசலேமின் வடபுறத்தில் அகழ்ந்தெடுத்த கல்லறையொன்றில், சிலுவையில் அறையப்பட்ட யோகனான் என்பவரின் எலும்புகள் கிடைத்தன. குதிகாலில் பாய்ந்த இரும்பு ஆணி, முனை வளைந்த நிலையில், எலும்போடு இன்னும் இணைந்தே இருந்தது. பவுலின் கேட்போர் "சிலுவை" என்றதும் நினைத்தது இத்தகைய கொடுமையையே. அதனால்தான் அது யூதருக்கு இடறலாகவும் கிரேக்கருக்குப் பைத்தியமாகவும் இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

[காட்சி: நிருபத்தின் பழைய கையெழுத்துப் பிரதி]

சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவையன்றி வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்ததாகக் கூறும் பவுல், அதே நிருபத்தில் கட்சிப்பிரிவு, வழக்கு, திருமணம், விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு எனப் பலவற்றையும் பேசுகிறார். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அவர் அந்தச் சிக்கல்களைச் சிலுவையின் வெளிச்சத்திலேயே ஆராய்கிறார். "நான் பவுலைச் சேர்ந்தவன்" என்று பிரிந்தோரிடம், "பவுலா உங்களுக்காகச் சிலுவையிலறையப்பட்டான்?" என்று கேட்கிறார். படைத்த உணவை உண்ணும் உரிமையைப் பெருமையாகக் கொண்டோரிடம், அதனால் கெட்டுப்போகும் பலவீனமான சகோதரனுக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்கிறார். திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டுவிட, வசதியற்றவர்கள் பசியோடு நின்றார்கள். அந்த அநியாயத்துக்கு முன்பாகவும் அவர் ஆண்டவருடைய மரணத்தையே வைக்கிறார்.

ஆகவே, குடும்பம், பணம், ஆசீர்வாதம் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, முடிவில் சிலுவையைச் சில வாக்கியங்களில் தொட்டுச் செல்வது பவுலின் வழி அன்று. பணத்தைப் பற்றிப் பேசும்போதே, நமக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தவருக்கு முன்பாக அப்பணத்தை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையில் சொல்வதை மற்ற ஞாயிறுகளிலும் சொல்லும் துணிவு பிரசங்கியாருக்குத் தேவை.

இவ்வாறு செய்தால் உயிர்த்தெழுதல் மறைந்துபோகுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லை. நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், தாம் பெற்று ஒப்புவித்த நற்செய்தியைப் பவுல் எடுத்துரைக்கிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இந்த மூன்றையும் அவர் பிரிக்காமல் ஒரே அறிக்கையாகவே தருகிறார்.